தலைகீழாய் விளைந்த சேனை

குழிக்குள் சேனை இல்லை.

ஜாய் இரண்டாவது முறையும் குனிந்து பார்த்தான். அப்போதும் இல்லை. காட்டுப்பன்றி வந்து போயிருந்தது. வேலியோரம் குளம்புத் தடம், மண்ணெல்லாம் கடித்துத் துப்பிய துண்டுகள், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் காய்ந்த தண்டு. வாடகைக்கு இருந்தவர்கள் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போன வீட்டைப்போல இருந்தது அந்தக் குழி.

வேறு எந்தச் சேனையாக இருந்தாலும் ஜாய் பன்றியை நாலு வார்த்தை திட்டிவிட்டு, பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தன் போட்டோஸ்டாட் கடையைத் திறக்கப் போயிருப்பான். ஆனால் இது பொருத்தனைச் சேனை.

பத்து மாதத்துக்கு முன்பு அவன் மனைவி சரோஜத்துக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனபோது, வெளியே நின்ற ஜாய் பதற்றத்தில், "ஆண்டவரே, இவ நல்லபடியா வெளிய வந்தா இந்த வருசம் நடுத பெரிய சேன ஒமக்காக்கும்" என்று சொல்லிவிட்டான். மனதுக்குள் சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொன்னான். பக்கத்தில் நின்றவர் சபைச் செயலாளர் தங்கப்பன். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கைக்கு வந்த எந்தச் செய்தியையும் அவர் உரியவர்களிடம் சேர்க்காமல் விட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுவதுக்கும் தெரிந்துவிட்டது. சேனை முளைத்தபோது வந்து பார்த்தார்கள். தண்டு ஆள் உயரத்துக்கு வந்தபோது போட்டோ எடுத்தார்கள். போதகர் ஒருமுறை அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். சரோஜம் தினமும் காலையில் காபி டம்ளரோடு அதன் பக்கத்தில் போய் நிற்பாள். வருகிறவர்களிடமெல்லாம், "இது எனக்க உயிருக்குப் பகரமாக்கும்" என்று காட்டுவாள்.

நாளை அறுப்புப் பண்டிகை. சபையார் அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள்.

சேனையைப் பன்றி தின்றுவிட்டது என்று தெரிந்தால் சரோஜம் அழமாட்டாள். பொருத்தனையை ஆண்டவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். ஆபரேஷனுக்கு முந்தைய மாதம் முழுவதும் அவள் அப்படித்தான் பேசாமல் இருந்தாள். சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அப்படி இன்னொரு மாதத்தை ஜாயால் தாங்க முடியாது.

நல்லவேளையாக அவள் மாதர் சங்கத்துப் பெண்களோடு ஆலயத்தைக் கழுவப் போயிருந்தாள். மதியம்தான் வருவாள். ஜாய் குழியின்மேல் இரண்டு வாழையிலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

உதியன்குளங்கரையில் சனிக்கிழமைதோறும் விவசாயிகள் சந்தை கூடும். சாலையோரத் தகரக் கொட்டகை. விளைவித்தவரே விற்க வேண்டும், வாங்கி விற்கக் கூடாது என்பது அங்கே கட்டாயம். அதற்காக ஒவ்வொரு குலையிலும் ஒவ்வொரு கிழங்கிலும் விளைவித்தவரின் பெயரை எழுதி வைப்பார்கள். ஆனந்தபாயின் முன்னால் எட்டுச் சேனைகள் இருந்தன. எட்டிலும் சுண்ணாம்பில் கொட்டை எழுத்தில் 'ஆனந்தபாய்' என்று இருந்தது.

"எக்கா, இந்த எழுத்து களுவினா போவுமா?" என்று கேட்டான் ஜாய்.

"போவாது. பச சேத்து எழுதினதாக்கும். தோலு போனாலும் பேரு போவாது. எதுக்குக் கேக்குதே?"

"சும்மா."

ஆனந்தபாய் அவனை உற்றுப் பார்த்தாள். "நீதானே அந்தப் பொருத்தனைச் சேன போட்டவன்? ஒனக்கு எதுக்கு சேன?"

"எனக்கில்ல. மச்சினிக்கு."

"எத்தர பெரிசு வேணும்?"

"ஒரு பத்து கிலோ."

"அவளுக்க வீட்டுல எத்தன பேரு உண்டு?"

"ரெண்டு பேரு."

ஆனந்தபாய் இருப்பதிலேயே பெரிய சேனையைத் தடவிப் பார்த்தாள். "பாவம், அந்த மாப்பிளை" என்றாள்.

ஜாய் திரும்பினான். வாழைக்குலைகள் தொங்கும் பக்கத்தில், ஒரு குலையில் எழுதியிருந்த பெயரை மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துக்கொண்டு தங்கப்பன் நின்றார். ஜாய் ஒளிய இடம் தேடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"என்ன ஜாயி, சந்தையில?"

"பச்சமொளகு வாங்க வந்தேன் சார்."

சொன்னதை நிரூபிக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கடையில் கைக்கு வந்ததை அள்ளி நிறுக்கச் சொன்னான். இரண்டு கிலோ இருந்தது.

"சரோஜத்துக்கு எரிவு ஆவாதுன்னுல்லா டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார் தங்கப்பன்.

"எனக்கு, சார். எனக்குத்தான்."

"ரெண்டு கிலோவா?" தங்கப்பன் தொண்டையைச் செருமினார். "அது போவட்டும். நல்ல நேரத்துல ஒன்னக் கண்டேன். நீ சேனயத் தோண்டிட்டியா?"

"இல்ல சார், சாயங்காலம் தோண்டி, நாளைக்குக் கொண்டு..."

"தோண்டாத. நாங்க நாலு மணிக்கு வாறோம். பாஸ்டரும் உண்டு. மண்ணுக்குள்ள இருந்து எடுக்குதத அப்படியே வீடியோ எடுத்து குரூப்புல போடணும். வெளிநாட்டுல இருக்குத நம்ம ஆளுவ எல்லாம் கேக்குதாங்க."

ஜாய்க்கு இதுவரை ஒரு சேனை கிடைத்தால் போதும் என்று இருந்தது. இனி அந்தச் சேனை மண்ணுக்குள்ளும் இருக்க வேண்டும்.

சந்திப்பில் பிஜுவின் ஆட்டோ நின்றது. பிஜு இவர்கள் சபைக்காரன் அல்ல. அது ஜாய்க்கு ஆறுதலாக இருந்தது.

"களியக்காவிளைச் சந்தைக்குப் போவணும். போய்ட்டு உடனே திரும்பணும். பிஜு, இது ஒருத்தருக்கும் தெரியப்பிடாது."

"நான் வண்டி ஓட்டுதவனாக்கும் அண்ணே. ஆளுவ என்ன ஏத்துதாங்க, என்ன எறக்குதாங்கன்னு பாக்கதில்ல. பதினோரு மணிக்கு எனக்கு வேற ஓட்டம் உண்டு, அதுக்குள்ள முடிச்சா மதி."

கேரள எல்லை கடந்தால் களியக்காவிளை. அங்கே சேனைக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. லாரியிலிருந்து இறக்கிக் குவித்திருந்தார்கள். எங்கோ ஒரு தூரத்து ஊரில் யாரோ நட்டு, யாரோ தோண்டி, யாரென்று தெரியாமல் இங்கே வந்து கிடக்கிற கிழங்குகளைப் பார்த்தபோது ஜாய்க்கு ஒரு கணம் அவற்றின்மேல் இரக்கம் வந்தது. பிஜு ஹாரன் அடித்தான். ஜாய் குவியலிலேயே பெரியதைக் காட்டினான்.

"மண்ணோட வேணுமா, களுவித் தரட்டுமா?" என்று கேட்டாள் விற்கிறவள்.

"எதுக்குக் கேக்குதிய?"

"மண்ணோட கேக்குத ஆளுவ உண்டு. மண்ணு இல்லாம கேக்குத ஆளுவளும் உண்டு."

அதில் ஒட்டியிருந்தது செம்மண். ஜாயின் தோட்டம் பழைய வயல், கறுத்த மண். "களுவியே தாங்க" என்றான். பன்னிரண்டு கிலோ சேனை ஒரு பச்சைக் குழந்தையைப்போலக் குளித்து, சாக்குக்குள் ஏறியது.

வீட்டுக்கு வந்து குழியருகே சாக்கை இறக்கியபோதுதான் பன்றி தின்ற சேனையை விட இது பெரியது என்று தெரிந்தது. குழி போதவில்லை. வெட்டி அகலப்படுத்தினான். சேனையைத் தூக்கிக் குழிவரைக்கும் கொண்டுவந்துவிட்டான். அப்போது முன்வாசல் கேட் கிறீச்சிட்டது.

"இஞ்ச பாருங்க, எங்க இருக்கிய?" சரோஜத்தின் குரல்.

சேனை கைநழுவிக் குழிக்குள் விழுந்து ஒருமுறை புரண்டது. ஜாய் விழுந்தது விழுந்தபடி மண்ணைத் தள்ளினான். காய்ந்த தண்டை எடுத்து மேலே ஊன்றினான். அது சாய்ந்தது. மறுபடி ஊன்றி, சுற்றிலும் மிதித்தான்.

சரோஜம் பின்பக்கம் வந்தபோது அவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அங்ஙன என்ன செய்யுதிய?"

"சும்மா. காவலு."

"பட்டப்பகல்லயா?" அவள் கண் திண்டில் இருந்த பொட்டலத்துக்குப் போனது. பிரித்துப் பார்த்தாள். "இது என்ன, இவ்வளவு மொளகு?"

"வெல கொறச்சலா கெடச்சுது."

"வெல கொறச்சலுன்னா மருந்துக்கடையில விசம் கூடத்தான் கெடைக்கும், ரெண்டு கிலோ வாங்குவியளா?" சரோஜம் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். "நாலு மணிக்கு ஆளுவ வாறாங்களாம். போய் நல்ல சட்ட போடுங்க. வீடியோ உண்டு."

நாலு மணிக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். போதகர் சுருக்கமாக ஜெபித்தார். தங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை வாங்கினார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

"மண்ணு நல்ல எளகிக் கெடக்கே" என்றார்.

"கெழங்கு ஊதி ஊதி எளகினதாக்கும்" என்றான் ஜாய்.

சேனை தெரிந்தது. கூட்டம் முன்னால் நெருங்கியது. தங்கப்பன் குனிந்து தடவிப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"நனவு இருக்கு. மழ பெய்யலியே."

ஜாய் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் போதகர் முந்திக்கொண்டார். "ஆசீர்வாதத்துக்க பனி அது. எடுங்க எடுங்க."

இரண்டு பேர் பிடித்து மேலே தூக்கினார்கள். தங்கப்பன் சேனையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஊன்றியிருந்த தண்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் சேனையை.

"ஜாயி, கண்ணு கீழ இருக்கு."

சேனையில் முளைவிடும் கண் எப்போதும் மேல்பக்கம்தான் இருக்கும். தண்டு அதிலிருந்துதான் வரும். இந்தச் சேனையின் கண் குழியின் அடியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. தண்டு அதன் முதுகில் நின்றிருக்கிறது. ஜாயின் காதுக்குள் ஒரு ரயில் போனது.

வீடியோ எடுத்தவன் செல்போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"எல்லாச் செடியும் மேல பாத்து வளரும்" என்று மெல்ல ஆரம்பித்தார் போதகர். "இந்தச் சேன தாழ்மையோட கீழ பாத்து வளந்திருக்கு. இது அடையாளம்."

"ஆமென்" என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

சரோஜம் அந்த ஈரக் கிழங்கின்மேல் கையை வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "எனக்க பித்தப்பையும் எடம் மாறித் திரும்பிக் கெடந்துதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. அதே மாதிரியாக்கும் இது. அதே மாதிரி."

ஜாய் அவள் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது என்று தோன்றியது. அவன் நினைத்தது தப்பு. மறுநாள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழைந்தால் காய்கறிக்கடையின் மணம். பீடத்துக்கு முன்னால் போதகர் வீட்டுத் தோட்டத்துப் பப்பாளிகள், தங்கப்பன் சாரின் செவ்வாழைக் குலை, சரோஜத்தின் கோழிகள் இட்ட இரண்டு டஜன் முட்டை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, பலா. நடுவில் ஒரு மேசை. மேசைமேல் வெள்ளைத் துணி. துணியின்மேல் தலைகீழ்ச் சேனை. இரவோடு இரவாக வீடியோ வளைகுடா வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. பக்கத்துச் சபையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள்.

ஏலம் வளாகத்துப் பந்தலில் தொடங்கியது. ஜாய் ஒரு முடிவோடு வந்திருந்தான். என்ன விலையானாலும் சேனையை அவனே எடுத்துவிடுவது. வீட்டுக்குக் கொண்டுபோய் அன்றைக்கே வெட்டி, பச்சைமிளகாய் போட்டு அவித்துத் தின்றுவிடுவது. மிளகாய் ஏராளமாக இருந்தது.

விலை ஏறியது. ஜாய் ஏறினான். துபாயிலிருந்து ஒருவர் போனில் கேட்டார். ஜாய் அவரையும் தாண்டினான். மூன்று முறை மணி அடித்தது. சேனை அவனுடையது. அவன் இரண்டு கையாலும் அதைத் தூக்கப் போனான்.

பந்தல் முழுவதும் கை தட்டியது.

"பாத்தீளா, கொடுத்தவரே எடுத்து, எடுத்தவரே திரும்பவும் கொடுக்காரு" என்றார் மைக்கில் தங்கப்பன். "ஜாயிக்க மனசு அது. லேலம் தொடருது."

ஏலம் எடுத்ததை ஆண்டவருக்கே திருப்பிக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வது அந்தச் சபையில் வழக்கம். திருப்பிக் கொடுப்பவர்கள் பொருளைக் கையால் தூக்கி மேசையின் நடுவில் வைப்பார்கள். ஜாய் சேனையைத் தூக்கியிருந்தான். பாரம் தாங்காமல் மேசைமேலேயே மறுபடி வைத்துமிருந்தான்.

"சார், நான் வீட்டுக்குக் கொண்டுபோவத்தான்..."

"தாழ்மை, தாழ்மை" என்றார் தங்கப்பன்.

இரண்டாம் முறை ஜாயால் முடியவில்லை. பையில் ஒன்றும் மிச்சமில்லை. துபாய்க்காரரோடு மல்லுக்கட்டித் தங்கப்பனே சேனையை எடுத்தார். மைக்கை விடாமல் அறிவித்தார்.

"இந்தச் சேனய நான் தின்னப் போறதில்ல. துண்டு துண்டா வெட்டி, சபையில உள்ள நாப்பது வீட்டுக்கும் வித்தாக் கொடுக்கப் போறேன். அடுத்த வருசம் நாப்பது வீட்டுலயும் இந்தத் தலகீழ்ச் சேன வெளயணும்."

ஜாய் கணக்குப் போட்டான். நாற்பது வீடு. நாற்பது வீட்டுக்காரரும் ஒரு வருடம் நீர் ஊற்றி, வேலி கட்டி, ஜெபித்து, கடைசியில் தோண்டிப் பார்ப்பார்கள். நாற்பது சேனையும் எல்லாச் சேனையையும்போல நேராக இருக்கும். நாற்பது பேரும் தங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள்.

"இப்பம் ஜாயி நமக்கு ஒரு சாட்சி சொல்லுவாரு" என்று தங்கப்பன் மைக்கை நீட்டினார்.

ஜாய் எழுந்தான். முன்வரிசையில் சரோஜம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி என்ன ஆனாலும் சரி என்று அவன் முடிவு செய்தான். அவள் ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். அவனும் கூடவே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

"இந்தச் சேனயப் பத்தி ஒரு உண்மய நான் சொல்லணும்" என்றான். "நேத்து காலத்த களியக்காவிளைச் சந்தை..."

போதகர் பலமாக இருமினார். இருமல் நிற்கவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். ஜாய் காத்திருந்தான்.

"...களியக்காவிளைச் சந்தைக்கு நான் போயி..."

"நேரமாவுதே" என்றார் போதகர், இருமலுக்கு நடுவே. "ஜாயிக்க உள்ளத்த நாமெல்லாம் அறிவோம். சாட்சி நீண்டு போவண்டாம்."

"இல்ல பாஸ்டரே, ஒரே ஒரு நிமிசம். நான் தோட்டத்துல வெளஞ்சத..."

"போதும் ஜாயி, கண்ணு நெறஞ்சு போச்சு எனக்கு" என்று தங்கப்பன் மைக்கின் வாயைப் பொத்தினார்.

"மைக்கு வேண்டாம் சார். நான் சத்தமாவே சொல்லுதேன். எல்லாரும் கேளுங்க, எனக்க சேனய..."

அவன் சட்டையின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினான். சரோஜம்.

"உக்காருங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரோஜம், ஒனக்குத் தெரியாது, நான்..."

"சந்தையப் பத்தியெல்லாம் சர்ச்சுல எதுக்குப் பேசணும்? உக்காருங்கன்னு சொல்லுதேன்."

"பன்னி தின்னுபோட்டுது" என்று ஜாய் கத்தினான்.

அதற்குள் போதகர் ஸ்தோத்திரப் பாட்டைத் தொடங்கிவிட்டார். அவ்வளவு உற்சாகமாக அந்தச் சபை ஒருநாளும் பாடியதில்லை. தேங்காய் கொண்டுவந்தவர்கள் பாடினார்கள், பலா கொண்டுவந்தவர்கள் பாடினார்கள், மரச்சீனிக்காரர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். பன்றி என்ற சொல் அந்தப் பாட்டின் முதல் அடியிலேயே மூழ்கிப்போயிற்று.

ஜாய் பந்தலை விட்டு வெளியே வந்தான். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நாலு பேர் முன்னால் உண்மை சொல்லத் துணிந்தவனுக்கு இப்படியா நடக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், ஏலம் எடுத்த சாமான்களை ஏற்றுவதற்காக பிஜு ஆட்டோவில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"என்ன அண்ணே, முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"எலே பிஜு, நான் என்ன குத்தம் செஞ்சேன்? உண்மயச் சொல்லப் போனா பாஸ்டரு இருமுதாரு, தங்கப்பன் சாரு மைக்கப் பொத்துதாரு, எனக்க பெண்டாட்டியே சட்டயப் பிடிச்சு இழுக்கா. ஒருத்தராவது என்னயச் சொல்ல விடணுமே."

பிஜு எழுந்து உட்கார்ந்தான். பந்தலில் இருந்து வருகிற பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு சாவியைத் திருகியபடி சொன்னான்.

"எங்ஙன விடுவாங்க அண்ணே, நேத்து ஒரு நாள்ல களியக்காவிளைச் சந்தைக்கு எனக்கு ஒம்பது ஓட்டமாக்கும், மொத ஓட்டம் பாஸ்டருக்கு, கடைசி ஓட்டம் நம்ம சரோஜம் அக்காளுக்கு."